தீப்பெட்டிக்குள் அடங்கிய தெருக்கள்

உள்ளங்கை ஊர்திகள் – 5

சென்ற இதழில் லிவர்பூல் நகரின் பின்ஸ் சாலையில் இருந்தோம். மெக்கானோவைத் தந்த ஃபிராங்க் ஹார்ன்பி, 1933 டிசம்பரில் தன் ரயில் பொம்மைகளுக்குத் துணையாகச் சின்னச் சின்னக் கார்களை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அவற்றுக்கு ‘டிங்கி டாய்ஸ்’ என்று பெயர் வந்தது. துத்தநாகத்தில் கலந்துவிட்ட சொற்ப ஈயம், போருக்கு முந்தைய டிங்கிகளை உள்ளுக்குள் அரித்து, விரிசல் விடச் செய்து, கடைசியில் உதிர்த்தே விட்டதையும் பார்த்தோம்.

டிங்கி பெரும்பாலும் பிறந்தநாளுக்கோ கிறிஸ்துமஸுக்கோ பெரியவர்கள் வாங்கித் தரும் பொருள். இந்த இதழில் வருவது வேறு வகை வாகனம். வாரக் கைக்காசைச் சேர்த்துவைத்து, பையனோ பெண்ணோ தானே கடைக்குப் போய் வாங்கிய வாகனம். பொம்மை வண்டி சேகரிப்பு என்ற பழக்கம் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தது இதன் வழியாகத்தான் என்று உறுதியாக நம்புகிறேன். அந்தப் பழக்கம் வரலாற்றுக்குச் செய்த உபகாரம் என்ன என்பதையும் இந்த அத்தியாயத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

மூடிக் கிடந்த மதுக்கடை

1947 ஜனவரி 19. இரண்டாம் உலகப்போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. லண்டனில் உணவுக்கு இன்னும் ரேஷன் இருந்தது. லெஸ்லி ஸ்மித், ரோட்னி ஸ்மித் என்ற இரண்டு இளைஞர்கள் அன்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். ஒரே குடும்பப் பெயர் என்றாலும் உறவினர்கள் அல்லர், பள்ளித் தோழர்கள். போரின்போது இருவரும் கடற்படையில் இருந்தார்கள். படையிலிருந்து விடுபட்டபோது கிடைத்த பணிக்கொடையை ஒன்றாகப் போட்டதில் 600 பவுண்டு தேறியது. அதுதான் முதலீடு. லெஸ்லியின் பெயரில் பாதி, ரோட்னியின் பெயரில் பாதி சேர்த்து ‘லெஸ்னி’ என்று பெயர் வைத்தார்கள்.

வட லண்டனில் எட்மன்டன் பகுதியில் ‘தி ரைஃபிள்மேன்’ என்ற பழைய மதுக்கடை மூடிக் கிடந்தது. அதை வாடகைக்குப் பிடித்து, அழுத்தவார்ப்பு இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். விரைவில் மூன்றாமவர் வந்து சேர்ந்தார். பெயர் ஜாக் ஓடெல். படித்துப் பட்டம் வாங்கிய பொறியாளர் அல்லர். பட்டறையில் நின்று கையால் கற்றவர். எஃகு அச்சு வெட்டுவதில் அவருக்கு இருந்த தேர்ச்சி மற்ற இருவருக்கும் கிடையாது. வியாபாரத்தை லெஸ்லி பார்த்துக்கொண்டார், அச்சை ஓடெல் பார்த்துக்கொண்டார். 1951-ல் ரோட்னி தன் பங்கை விற்றுவிட்டு விலகினார்.

பொம்மை செய்யும் எண்ணம் ஆரம்பத்தில் இவர்களுக்கு இல்லை. தொழிற்சாலைகள் கேட்ட சின்ன உலோக பாகங்களை வார்த்துக் கொடுத்தார்கள். ஆனால் ஆண்டு இறுதியில் ஆர்டர் வறண்டுவிடும். டிசம்பர் 31 அன்று கையிருப்பில் உள்ள சரக்குக்கு வரி கணக்கிடப்பட்டதால், கம்பெனிகள் அந்த மாதங்களில் எதையும் வாங்கிக் குவிக்க விரும்பவில்லை. இயந்திரம் சும்மா நிற்கும், ஆட்களுக்குச் சம்பளம் மட்டும் போகும். அந்த இடைவெளியை நிரப்பவே 1948-ல் ஒரு பொம்மை வார்த்தார்கள். ஆவ்லிங்-பார்ஃபோர்ட் ரோடு ரோலர். ஒரு வரிச் சட்டத்தின் பக்க விளைவாக, உலகின் மிகப்பெரிய பொம்மைக் கார் கம்பெனிகளில் ஒன்று இப்படிப் பிறந்தது.

அரசர் போனார், கால்கள் தங்கின

வளர்ச்சி நேர்கோட்டில் வரவில்லை. 1950-ல் கொரியப் போர் மூண்டதும் துத்தநாகம் போர்த் தேவைக்கு ஒதுக்கப்பட்டது. பிரிட்டனில் பொம்மைக்கு அதைப் பயன்படுத்தத் தடை வந்தது. லெஸ்னி வேறு வழிகளில் தாக்குப்பிடித்தது. தூண்டிலில் மாட்ட ரொட்டித் துண்டை அழுத்தி உருட்டும் ஒரு சின்னக் கருவிகூட அந்தக் காலத்தில் அங்கே செய்யப்பட்டது.

தடை நீங்கியபோது கைகொடுத்தது ஒரு தேர். பிரிட்டிஷ் அரச குடும்பம் முடிசூட்டு விழாவுக்குப் போகும் குதிரை வண்டிக்கு ஓடெல் முன்பே அச்சு தயாரித்திருந்தார். அந்த வேலை தொடங்கியபோது ஆறாம் ஜார்ஜ் அரசர் உயிரோடு இருந்தார். அதனால் வண்டிக்குள் அரசரும் அரசியும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதுபோல் ஒரே வார்ப்பாக அச்சு வெட்டப்பட்டிருந்தது. 1952 பிப்ரவரி 6 அன்று அரசர் காலமானார். அடுத்து முடிசூடப் போவது அவர் மகள் எலிசபெத். உள்ளே இருந்த இரண்டு உருவங்களில் ஒன்றை எடுத்தாக வேண்டும்.

புது அச்சு வெட்டப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. அரசரின் உருவத்தை இடுப்போடு நீக்கினார்கள். கால்கள் அப்படியே இருந்தன. அந்தப் பெரிய வண்டியைக் கையில் எடுத்து ஜன்னல் வழியாகக் கூர்ந்து பார்த்தால், அரசியின் பக்கத்தில் உடம்பில்லாத ஒரு ஜோடிக் கால்கள் இன்றும் தெரியும். இரண்டு உருவமும் முழுதாக உள்ள ஆரம்ப வண்டிகள் ஏறக்குறைய 200 மட்டுமே வார்க்கப்பட்டன. அவற்றைத் தேடித்தான் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். ஒரு நாட்டின் அரியணை கைமாறிய மாதங்கள் ஒரு பொம்மையின் அடிவயிற்றில் பதிவாகியிருக்கின்றன.

பெரிய வண்டி 33,000 அளவில் விற்றது. அதையே சுருக்கிச் செய்த சின்ன வண்டி, 1953 ஜூன் 2 முடிசூட்டு விழாவை ஒட்டிப் பத்து லட்சத்தைத் தாண்டியது. பெரியதைவிடச் சிறியது முப்பது மடங்கு விற்றதை லெஸ்லியும் ஓடெலும் கவனித்தார்கள்.

மகளுக்கு ஒரு ரோலர்

சிறியதன் வலிமையை ஓடெல் அதற்கு முந்தைய ஆண்டே வீட்டில் பார்த்திருந்தார். அவர் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத் தவிர வேறெதையும் கொண்டுவரக் கூடாது என்று விதி இருந்ததாகச் சொல்வார்கள். சிறுமி தீப்பெட்டியில் சிலந்தியைப் பிடித்துப் போட்டுப் பள்ளிக்குக் கொண்டுபோனாள், அதை நிறுத்தவே அப்பா மாற்றாக ஒன்று செய்து கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. எந்தக் கதையை எடுத்துக்கொண்டாலும் முடிவு ஒன்றுதான். 1952-ல் ஓடெல் பித்தளையில் ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து தீப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள்.

1953-ல் ‘மேட்ச்பாக்ஸ்’ வரிசை கடைக்கு வந்தது. 1-ம் எண் ரோடு ரோலர், 2-ம் எண் மண் கொட்டும் டம்பர், 3-ம் எண் சிமென்ட் கலவை இயந்திரம். விற்பனையை, ஜெர்மனியில் வேர்கொண்டு லண்டனில் இயங்கிய ‘மோகோ’ என்ற பொம்மை வியாபார நிறுவனம் பார்த்துக்கொண்டது. நிறுவனர் மோசஸ் கோன்ஸ்டாமின் பெயர்ச் சுருக்கமே மோகோ. ஆரம்பப் பெட்டிகளில் லெஸ்னியோடு அந்தப் பெயரும் இருக்கும். ஐம்பதுகளின் இறுதியில் லெஸ்னி மோகோவின் பங்கை வாங்கித் தனியாக நின்றது.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மஞ்சளும் நீலமுமாக, மேலே வண்டியின் கோட்டோவியத்தோடு, பார்த்தால் அசல் தீப்பெட்டி. ஆனால் உள்ளே இழுத்துத் திறக்கும் தட்டு கிடையாது. ஒரே அட்டையை மடித்துச் செய்தது. இரண்டு முனையிலும் மடிப்பு மூடி இருக்கும். அந்த மூடியில் வண்டியின் எண்ணும் பெயரும் அச்சடித்திருக்கும். கடைக்காரர் பெட்டிகளை அடுக்கி வைத்தால் எண்கள் வரிசையாக வெளியே தெரியும். விலை ஐம்பதுகளில் ஒன்றரை ஷில்லிங் அளவில் இருந்தது. பிள்ளையின் கைக்காசுக்கு எட்டும் விலை.

எஃகில் வெட்டி, நாகத்தில் வார்த்து

விலையைக் குறைத்தவர்கள் வேலையைக் குறைக்கவில்லை. ஒரு வண்டி உருவாகும் முறையைப் பார்த்தால் அது விளங்கும். தயாரிப்பாளரிடமிருந்து அசல் வாகனத்தின் வரைபடத்தை வாங்குவார்கள், பல கோணங்களில் படம் எடுப்பார்கள். பிறகு விற்கப்போகும் அளவைவிடச் சில மடங்கு பெரிதாக ஒரு மாதிரி செதுக்கப்படும். பெரிதாகச் செய்வதால் ரேடியேட்டர் கம்பிகள், கதவின் பிடி, ஆணித் தலைகள் எல்லாவற்றையும் துல்லியமாகக் கொண்டுவர முடியும். பாண்டோகிராஃப் என்ற இயந்திரத்தின் ஒரு முனை இந்தப் பெரிய மாதிரியின் மேல் ஊர்ந்து போகும். மறுமுனையில் உள்ள வெட்டும் ஊசி அதே வடிவத்தைப் பல மடங்கு சுருக்கி எஃகுக் கட்டியில் குடையும். அதுதான் அச்சு.

துத்தநாகத்தோடு அலுமினியம், மக்னீசியம், செம்பு சேர்த்த கலவையை ஏறத்தாழ 400 டிகிரியில் உருக்கி, அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்துவார்கள். சில நொடிகளில் இறுகிவிடும். அச்சு திறந்ததும் பல வண்டிகள் ஒரே கொத்தாக, ஒரு தண்டில் காய்த்ததுபோல் வெளியே விழும். தண்டை உடைத்து, பிசிறு போக உருளையில் போட்டு உருட்டி, பெயின்ட் அடித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மேசைக்கு அனுப்புவார்கள். அச்சாணியில் சக்கரம் கோத்து, முனையை நசுக்கி, அடித்தட்டை ரிவெட் அடித்து முடிப்பது அங்கே. போருக்கு முந்தைய டிங்கிகளுக்கு நேர்ந்த கதி மேட்ச்பாக்ஸுக்கு நேரவில்லை. மிகச் சுத்தமான துத்தநாகம் அதற்குள் புழக்கத்துக்கு வந்துவிட்டது. எழுபது ஆண்டு கடந்த ரோடு ரோலர்கள் இன்றும் திடமாக இருப்பதன் காரணம் அதுதான்.

அளவு விஷயத்தில் ஓடெல் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார். அசலில் எத்தனை பங்கு என்ற நிலையான விகிதம் எதையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. பெட்டிதான் அளவு. இரண்டு மாடி பஸ்ஸும் பெட்டிக்குள் அடங்க வேண்டும், டிராக்டரும் அடங்க வேண்டும். அதனால் பஸ் அதிகம் சுருங்கியது, டிராக்டர் கொஞ்சம் சுருங்கியது. அலமாரியில் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. விகிதம் பார்க்கும் மாடல் கலைஞர்களுக்கு இது பிடிக்கவில்லை. தரையில் படுத்து விளையாடிய பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

உழைத்த வாகனங்களின் வரிசை

இப்போது அந்த முதல் வரிசையை ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ரோடு ரோலர், டம்பர், சிமென்ட் கலவை இயந்திரம், மாஸி ஹாரிஸ் டிராக்டர், லண்டன் பஸ், குவாரி லாரி. 7-ம் எண் குதிரை பூட்டிய பால் வண்டி. பிறகு கேட்டர்பில்லர் டிராக்டர், தீயணைப்பு வண்டி, சரக்கு இழுவை, எண்ணெய் டாங்கர், லேண்ட் ரோவர், பழுதான வண்டியை இழுத்துப் போகும் பெட்ஃபோர்ட் லாரி, ஆம்புலன்ஸ், வீடு மாற்றுவோரின் சாமான் வேன், புல்டோசர். ஆசைக்கு ஓட்டும் கார் என்று சொல்லத்தக்க எம்.ஜி. மிட்ஜெட், 19-ம் எண்ணில்தான் வருகிறது. அதுவும் 1956-ல்.

இந்த வரிசை எனக்குப் பெரிய மரியாதையை உண்டாக்குகிறது. குண்டுவீச்சில் சிதைந்த ஒரு நாடு தன்னைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. தெருவில் பிள்ளைகள் பார்த்தது சாலை போடும் வண்டி, மண் அள்ளும் வண்டி, பால் கொண்டுவரும் வண்டி. அவற்றையே ஓடெல் அச்சில் வெட்டினார். 38-ம் எண் குப்பை லாரி. 42-ம் எண் மாலைப் பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிப் போகும் வேன். பால்காரரும் குப்பை அள்ளுபவரும் பத்திரிகை போடுபவரும் ஓட்டிய வாகனங்கள் ராஜாவின் தேரைச் செய்த அதே கைகளால், அதே கவனத்தோடு செய்யப்பட்டன.

நம்மைத் தொடும் வண்டிகளும் இதில் உண்டு. 4-ம் எண் டிராக்டரின் மாஸி ஹாரிஸ் நிறுவனம் 1953-ல் ஃபெர்குசனோடு இணைந்தது. அந்த மாஸி ஃபெர்குசன் கூட்டில்தான் 1960-ல் சென்னையில் டாஃபே தொடங்கி, நம் வயல்களுக்குச் சிவப்பு டிராக்டரைக் கொண்டுவந்தது. 1958-ல் வந்த 47-ம் எண் ஒரு சின்னச் சிவப்பு வேன். அசல், டிரோஜன் கம்பெனியுடையது. அதன் பக்கவாட்டில் ‘புரூக் பாண்ட் டீ’ என்று எழுதியிருக்கும். லண்டன் வீதிகளில் கடைகடையாகத் தேயிலை போட்ட வேன் அது. அன்றைய பிரிட்டன் குடித்த தேயிலையில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறியது. இலங்கை மலையகத்திலும் நீலகிரி, ஆனைமலைச் சரிவுகளிலும் முதுகில் கூடை சுமந்து அந்தக் கொழுந்தைக் கிள்ளிய கைகளில் பெரும்பாலானவை தமிழ்ப் பெண்களின் கைகள். ஒரு விரல் நீளமுள்ள வேன் இத்தனை பெரிய கதையைத் தாங்கிக்கொண்டு அலமாரியில் நிற்கிறது. சேகரிப்பாளர் அதை எடுத்துச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

75 என்ற எல்லைக்கோடு

வாங்குபவர்களாக இருந்த பிள்ளைகளைச் சேகரிப்பவர்களாக உயர்த்தியது 75 என்ற எண்தான். 1960-ஐ ஒட்டி வரிசை 75-ஐத் தொட்டது. அங்கே நிறுத்திக்கொண்டார்கள். புது வண்டி வந்தால், பழையது ஒன்று அந்த எண்ணைக் காலி செய்துவிட்டுப் போகும். 1-ம் எண் என்றும் ரோடு ரோலராகவே இருக்க வேண்டியதில்லை. லெஸ்னியின் காலத்தில் மொத்தம் 75-தான்.

இந்த ஏற்பாட்டின் விளைவு ஆழமானது. முடிவே இல்லாத வரிசையை எந்தப் பிள்ளையும் சேர்த்து முடிக்க முடியாது. 75 முடிக்கக்கூடிய எண். சட்டைப் பைக்குள் அடங்கும் சின்ன விலைப்பட்டியல் ஒன்று ஐம்பதுகளின் பின்பாதியிலிருந்து வெளிவந்தது. அதில் தன்னிடம் உள்ளதற்கு எதிரே பென்சிலால் குறி போடுவார்கள். குறி விழாத இடங்கள் உறுத்தும். இல்லாததைத் தேடும் அந்த உறுத்தலோடு சேகரிப்பு தொடங்கிவிடுகிறது. அதே சமயம் எண் காலியாகிப் புது வண்டி வருவதால், பழையது கடையிலிருந்து மறைந்துவிடும். வைத்திருப்பவருக்கு அதன் அருமை தெரியும், இல்லாதவருக்கு ஏக்கம் தெரியும்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானபோது, இந்த அடுக்குகளைப் பிரித்தறிய ஒரு முறையை உண்டாக்கினார்கள். ஒரே எண்ணில் அடுத்தடுத்து வந்த வண்டிகளை ஏ, பி, சி என்று குறித்தார்கள். சக்கரத்தை வைத்துக் காலம் சொன்னார்கள். முதலில் உலோகச் சக்கரம், பிறகு சாம்பல் நிறப் பிளாஸ்டிக், அதன் பிறகு கறுப்புப் பிளாஸ்டிக். அச்சாணியின் முனை நசுக்கப்பட்டிருக்கிறதா, உருண்டையாக ரிவெட் போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள். பெட்டியிலும் எழுத்து, படம், வண்ணம் மாறிய வரிசைப்படி வகை பிரித்தார்கள்.

இரண்டு உதாரணம் போதும். 37-ம் எண், கோகோ-கோலா பெட்டிகளை ஏற்றிய மஞ்சள் லாரி. ஆரம்பத்தில் வார்த்தவற்றில் பின்னால் உள்ள பெட்டிகள் ஏறுக்குமாறாக அடுக்கியதுபோல் இருக்கும். பிறகு அச்சைத் திருத்தி, சமமாக அடுக்கியதுபோல் ஆக்கிவிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும். அப்படி வைத்துப் பார்த்த யாரோ ஒருவரால்தான் அந்த அச்சு திருத்தப்பட்ட செய்தி இன்று நமக்குத் தெரிகிறது.

இன்னொன்று 13-ம் எண் டாட்ஜ் இழுவை லாரி. வழக்கமாக வரும் வண்டியில் முன்பகுதி மஞ்சள், பின்பகுதி பச்சை. வெளியான தொடக்கத்தில் மிகச் சிலவற்றில் இந்த நிறங்கள் மாறி வந்தன: முன்பகுதி பச்சை, பின்பகுதி மஞ்சள். அரியது என்பதால் விலை ஏறியது, விலை ஏறியதால் போலியும் பெருகியது. அனுபவமுள்ளவர் அந்த லாரியைக் கையில் வாங்கினால் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் தலைகீழாகத் திருப்பி ரிவெட்டைப் பார்ப்பார். பாகங்களைக் கழற்றி மாற்ற வேண்டுமானால் ரிவெட்டை உடைத்தாக வேண்டும். உடைத்து மறுபடி பொருத்திய ரிவெட் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பெயின்ட் உரிந்த பழைய வண்டிக்குப் புது வண்ணம் பூசக் கூடாது என்று மூத்தவர்கள் வலியுறுத்துவதும் இதனால்தான். அசல் பெயின்ட் ஓர் ஆதாரம். அதன்மேல் பூசினால் ஆதாரம் போய்விடும்.

1956-ல் லெஸ்னி ‘மாடல்ஸ் ஆஃப் யெஸ்டர்இயர்’ என்ற தனி வரிசையைத் தொடங்கியது. முதல் வண்டி ஆல்சின் நீராவி இழுவை இயந்திரம், இரண்டாவது 1911-ம் ஆண்டின் லண்டன் பஸ், மூன்றாவது 1907-ம் ஆண்டின் டிராம். இவற்றைப் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள் அதிகம் விரும்பி வாங்கினார்கள். தாங்கள் சிறுவயதில் ஏறிப்போன வாகனத்தை ஐம்பது வயதில் மேசைமேல் வைத்துக்கொள்ள அவர்களுக்கு வழி கிடைத்தது. பொம்மைச் சேகரிப்பு பெரியவர்களின் மதிப்பான பொழுதுபோக்காக ஏற்கப்பட்டதில் இந்த வரிசைக்குப் பெரும் பங்கு உண்டு.

உச்சியும் சரிவும்

1960-ல் லெஸ்னி பங்குச் சந்தைக்கு வந்தது. கிழக்கு லண்டனில் ஹாக்னி பகுதியில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. அறுபதுகளின் நடுவில் ஆண்டுக்குப் பத்துக் கோடிக்கு மேல் வண்டிகள் அங்கிருந்து புறப்பட்டன. ஏற்றுமதிக்காக அரசியின் தொழில் விருது கிடைத்தது. 1968-ல் லெஸ்லி ஸ்மித்துக்கும் ஜாக் ஓடெலுக்கும் ஓ.பி.இ. பட்டம் வழங்கப்பட்டது.

அதே 1968-ல் கலிபோர்னியாவிலிருந்து அடி விழுந்தது. மேட்டல் நிறுவனத்தின் எலியட் ஹேண்ட்லர் ‘ஹாட் வீல்ஸ்’ என்ற பெயரில் 16 கார்களை இறக்கினார். மெல்லிய எஃகுக் கம்பியில் குறைந்த உராய்வோடு சுழலும் சக்கரம், கண்ணைப் பறிக்கும் உலோகப் பளபளப்பு, ஓடவிட ஆரஞ்சு நிறப் பாதை. விட்டால் பறந்தது. மேட்ச்பாக்ஸ் வண்டியைக் கையால் தள்ள வேண்டும். அமெரிக்கப் பிள்ளைகள் பறப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். லெஸ்னியின் பெரிய ஏற்றுமதிச் சந்தையே அமெரிக்காதான்.

லெஸ்னி 1969-ல் ‘சூப்பர்ஃபாஸ்ட்’ சக்கரத்தோடு பதில் சொன்னது. வரிசை முழுவதும் மாறியது. அதனால்தான் சேகரிப்பாளர்கள் அதற்கு முந்தையவற்றை ‘ரெகுலர் வீல்ஸ்’ என்று தனியாகப் பிரிக்கிறார்கள். நிறுவனம் எழுபதுகளைத் தாண்டியது. ஆனால் எண்பதுகளின் தொடக்கப் பொருளாதார மந்தத்தில் நிற்க முடியவில்லை. 1982 ஜூன் 11 அன்று நிர்வாகம் கடன் மீட்பாளர் கைக்குப் போனது. ஹாங்காங்கைச் சேர்ந்த யுனிவர்சல் நிறுவனம் மேட்ச்பாக்ஸை வாங்கியது. 1992-ல் அமெரிக்காவின் டைக்கோவிடம் போய், 1997-ல் டைக்கோவையே மேட்டல் வாங்கியபோது, மேட்ச்பாக்ஸ் தன் பழைய போட்டியாளரின் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. இன்று நம் ஊர்க் கடைகளில் கொக்கியில் தொங்கும் வண்டியைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் மலேசியா அல்லது தாய்லாந்து என்று பொறித்திருக்கும்.

ஓடெல் சும்மா இருக்கவில்லை. லெஸ்னி விழுந்தபோது சில இயந்திரங்களை விலைக்கு வாங்கி, அறுபது வயதைக் கடந்த நிலையில் தன் பெயர் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு ‘லெடோ’ என்று புதுக் கம்பெனி தொடங்கினார். அங்கேயும் அவர் முதலில் வார்த்தவற்றில் குதிரை வண்டிகள் இருந்தன. லெஸ்லி ஸ்மித் 2005-லும் ஓடெல் 2007-லும் காலமானார்கள். ஹாக்னி தொழிற்சாலை இடிக்கப்பட்டு அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்துவிட்டது.

சேகரிப்பாளர் செய்யும் வேலை

அரச குடும்பத்தின் அசல் தேரைப் பாதுகாக்க அரண்மனை இருக்கிறது. விலையுயர்ந்த பந்தயக் கார்களைக் காக்க அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. குப்பை லாரியை யார் காப்பார்கள்? அதன் வேலை முடிந்ததும் காயலான் கடைக்குப் போய் உருகிவிடும். ஐம்பதுகளின் பால் வண்டிகளும் சாமான் வேன்களும் தேயிலை வேன்களும் ஆயிரக்கணக்கில் அப்படித்தான் போயின. அந்தத் தெருக்கள் எப்படி இருந்தன என்று கேட்டால், 75 எண் கொண்ட இந்த வரிசை பதில் சொல்கிறது. அதைப் பெட்டியோடு, எண்ணோடு, சக்கர வகையோடு குறித்துவைத்த ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள் சம்பளம் வாங்காத வரலாற்றாசிரியர்கள் என்றே சொல்வேன்.

இன்று சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் இந்தப் பழக்கம் வளர்ந்திருக்கிறது. பெட்டியில்லாததை ‘லூஸ்’ என்றும் அட்டையோடு இருப்பதை ‘கார்டட்’ என்றும் பேசிக்கொள்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். விலையை மட்டும் குறித்துவைக்காதீர்கள். உங்கள் வண்டியின் அடித்தட்டில் என்ன எழுதியிருக்கிறது, எந்த நாட்டில் வார்த்தது, அசல் வாகனம் எது, அதை யார் எந்த வேலைக்கு ஓட்டினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நம் சாலைகளில் ஓடிய தண்ணீர் லாரி, கரும்பு டிராக்டர், ஷேர் ஆட்டோ ஆகியவற்றின் சின்ன உருவம் எங்கே கிடைத்தாலும், அது பிளாஸ்டிக்காக இருந்தாலும், சந்தையில் அதற்கு விலையே இல்லாவிட்டாலும், எடுத்துவையுங்கள். ரோடு ரோலர் சந்தைக்கு வந்த நாளில் அதற்கும் ஒன்றரை ஷில்லிங்தான் விலை.

அடுத்த இதழில் கலிபோர்னியாவுக்குப் போகிறோம். ஏவுகணைத் துறையிலிருந்து வந்த ஒரு பொறியாளரும், டெட்ராய்டில் அசல் கார்களை வரைந்துகொண்டிருந்த ஒரு வடிவமைப்பாளரும் சேர்ந்து பொம்மைச் சக்கரத்தைப் புதிதாகச் சிந்தித்த கதை அது. அதற்குப் பிறகு, டிங்கியின் பழைய அச்சுகள் கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்து ‘நிக்கி டாய்ஸ்’ ஆன கதை காத்திருக்கிறது.

(தொடரும்)